பச்சைத் துண்டு தொங்கினால்

எங்கள் கட்டிடத்தில் சுவர்கள் மெலிசு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கட்டினவர் மிச்சம் பிடித்த சிமென்ட்டால் எனக்கு எத்தனையோ சாயங்காலங்கள் பொழுது போயிருக்கிறது. கீழே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. முதல் மாடியில் எதிரெதிரே இரண்டு வீடுகள்; ஒன்றில் நான், மற்றதில் கணக்கு டீச்சர். டீச்சர் தலைக்கு மேலே, இரண்டாவது மாடியில், அவருடைய அண்ணி. தெருவில் தையல்காரம்மா என்றால்தான் தெரியும். அதற்கும் மேலே துணி காயப்போடும் மொட்டை மாடி.

அண்ணன் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பார். மீதி நாளில் வீட்டுக்கு வந்து, கப்பலில் மேலதிகாரிகளிடம் வாங்கியதையெல்லாம் பத்திரமாக இங்கே இறக்கி வைப்பார். ஐம்பது வயதைத் தொட்ட தங்கையை இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். பாப்பா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் படித்தவர், மூளைக்காரி, தப்பே செய்யாதவர் என்று மூன்று பட்டமும் அவருக்குத்தான்.

நாத்தனாரும் அண்ணியும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு கோட்டு. அண்ணி ஆசையாக ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். டீச்சர் அதைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்கேலை எடுத்துக் கோட்டின் இரண்டு கைகளையும் அளந்தார். இடது கை ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதல். அதை அண்ணியின் காதோடு சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். துணி வாங்க வந்திருந்தவர்கள் முன்னால், ஸ்கேலும் கையுமாக நின்று சொன்னார். "போட்டுக்கறவ கை ரெண்டும் ஒரே நீளமான்னு அளந்து பாத்தியா?" என்று அண்ணி கேட்டார். வந்தவர்கள் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர தகவல் நிற்கவில்லை. சனிக்கிழமைகளில் டீச்சர் வீட்டுக் கூடத்தில் டியூஷன். பையன்களும் பெண்களுமாகக் கூடிச் சத்தம் போட்டால், அண்ணி துணி அளக்கும் மரக்கோலை எடுத்துத் தரையில் டொக் டொக்கென்று தட்டுவார். டீச்சர் நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார், பிறகு பிள்ளைகளைப் பார்த்து உஷ் என்பார். ஒரே குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு நடுவே இருந்த போக்குவரத்து அவ்வளவுதான்.

அண்ணிக்குச் சர்க்கரை உண்டு, அடிக்கடி தலைசுற்றும். போன தடவை கப்பலுக்குக் கிளம்பும்போது அண்ணன் பெட்டியும் கையுமாக டீச்சர் வாசலில் நின்று ஓர் ஏற்பாடு சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போது என் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தாழ்ப்பாளுக்கு அடிக்கடி எண்ணெய் தேவைப்படும்.

"பாப்பா, தினமும் காலையில எழுந்ததும் அண்ணி பச்சைத் துண்டை பால்கனிக் கம்பியில போடுவா. துண்டு இல்லன்னா நீ சாவியை எடுத்துட்டு மேல போய்ப் பாரு."

சரி என்றார் டீச்சர். சாவி அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பால்கனிக்கு வந்து நிமிர்ந்து பார்ப்பார். பச்சைத் துண்டின் நுனி தெரிந்தால் உள்ளே போய்விடுவார். துண்டு தொங்கிய ஒவ்வொரு காலையும் டீச்சருக்கு ஒரு மாடி ஏறுவது மிச்சம்.

அந்தச் சனிக்கிழமையும் துண்டு தொங்கியது.

டியூஷனில் அன்று புதுப் பாடம். 'இப்படி நடந்தால் அப்படி ஆகும்' என்று வரும் வாக்கியங்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பது. டீச்சர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. என் வீட்டுக் கதவும் திறந்திருந்தது. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்; காது சும்மாதானே இருந்தது. இந்த வயதில் கணக்கு ஏறாது என்று நினைத்திருந்தேன். டீச்சரைக் குறை சொல்லக் கூடாது, ஏறியது.

தெருமுனையில் பஸ் திரும்பினால் பேக்கரி நாய் குரைக்கும். இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைத்தான் டீச்சர் பலகையில் எழுதினார். இது உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, இப்போது நாய் குரைக்கிறது, பஸ் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்று மொத்த வகுப்பும் சொன்னது. டீச்சர் இந்தத் தப்பான பதிலுக்காகவே வலையை விரித்து வைத்திருந்தவர் போல ஒரு சிரிப்பு சிரித்தார்.

"பூனையைப் பாத்தாலும் அது குரைக்கும். தபால்காரரைப் பாத்தாலும் குரைக்கும். பஸ் வந்தா என்ன ஆகும்னுதான் நான் சொன்னேன். குரைச்சா என்ன அர்த்தம்னு சொன்னேனா?"

அடுத்தது: பஸ் வரவில்லை, அப்படியானால் நாய் குரைக்காதா? பாதி வகுப்பு அந்தக் குழியிலும் விழுந்தது. பஸ் வராவிட்டால் நாய் என்ன செய்யும் என்றும் தான் சொல்லவே இல்லை என்றார் டீச்சர். அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: நாய் குரைக்கவில்லை என்றால் பஸ் வரவில்லை. மற்றபடி முன்னதைப் பின்னால் போடுவதும், இரண்டு பக்கமும் 'இல்லை' ஒட்டுவதும் நம் மனசு செய்கிற திருட்டு வேலை.

"நாய் தூங்கிட்டா டீச்சர்?" என்றது ஒரு குரல்.

"அப்ப நான் எழுதினதே பொய். உதாரணத்தை மாத்தணும். நாயை எழுப்பக் கூடாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் காயோடு சிரித்தேன். பிறகு துணிக் கூடையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். போகும் வழியில்தான் பார்த்தேன்: தையல்காரம்மா வீட்டுக் கதவுப் பிடியில் பால் பை அப்படியே தொங்கியது. வெயில் படி ஏறி வந்து பையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, தையல் மிஷின் சத்தமும் இல்லை. கதவைத் தட்டலாமா என்று நினைத்தேன். போன வாரம்தான், என் பாவாடைக்கு வைத்த நாடாவைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அந்த அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நமக்கெதற்கு என்று கீழே வந்து, சொல்ல வேண்டியவரிடம் சொன்னேன்.

"டீச்சர், மேல பால் பை அப்படியே தொங்குது. மிஷினும் ஓடல. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்களேன்."

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, வகுப்பைப் பார்த்தார். "அக்கா நமக்கு ஒரு உதாரணம் கொண்டு வந்திருக்காங்க. உடம்பு முடியலன்னா பால் எடுக்க மாட்டாங்க. சரி. பால் எடுக்கல. அப்ப உடம்பு முடியலன்னு ஆயிடுமா?"

"ஆகாது டீச்சர்."

"ஏன்?"

"கடைக்குப் போயிருக்கலாம். மறந்திருக்கலாம்."

"அவ்வளவுதான். துண்டு தொங்குதுக்கா, காலையிலேயே பாத்துட்டேன். துண்டு இல்லன்னாதான் போகணும்."

பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பேக்கரி நாயாகிவிட்டேன். பால் பை விஷயத்தில் டீச்சர் சொன்னது பாடப்படி நூற்றுக்கு நூறு சரி. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பால் எடுக்காததால் ஆபத்து என்று ஆகாது. ஆனால் ஆபத்து இல்லை என்றும் ஆகாதே. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குப் படி ஏற வேண்டும், பாடத்துக்கு ஏற வேண்டாம். இதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. முகம் சுண்டிப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, என் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பிள்ளைகளிடமிருந்து தெரிந்துகொண்டேன். நான்கு நாள் கழித்து மூன்று பேரைப் படிக்கட்டில் மடக்கி, கடலை மிட்டாய் கொடுத்துக் கேட்டேன். அவர்களுக்கு அதில் விசேஷமாக எதுவும் இருந்ததாகவே தெரியவில்லை. சாதாரணமாகச் சொன்னார்கள்.

நான் போன கொஞ்ச நேரத்தில் மேலே தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. வகுப்பு கொஞ்சம் சத்தமாகத்தான் இருந்திருக்கிறது. டீச்சர் உஷ் என்றார். வகுப்பு அடங்கியது. தட்டுவது நிற்கவில்லை. மறுபடி உஷ் என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களால்தான் நான் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி, எல்லோருக்கும் தாளைக் கொடுத்துப் பரீட்சை வைத்தார். வகுப்பு குண்டூசி விழுந்தால் கேட்கிற அமைதி. அந்த அமைதியிலும் மேலே தட்டிக்கொண்டே இருந்தது. டொக் டொக் இல்லை, பொத் பொத் என்று வேறு மாதிரி இருந்தது என்றான் ஒருவன். கூடத்துக்கு மேலே இல்லை, குளியலறைப் பக்கமிருந்து வந்தது என்றான் இன்னொருவன். குளியலறையில் யார் உட்கார்ந்து துணி தைப்பார்கள்? டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, "தட்டட்டும். எவ்வளவு நேரம் தட்டறாங்கன்னு பாக்கலாம்," என்றாராம். ரொம்ப நேரம் தட்டியது. பிறகு நின்றது. பார்த்தீர்களா, நின்றுவிட்டது என்றாராம் டீச்சர்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் தங்கையிடம் சொன்னேன். அது சொன்ன கணக்கில் சேராது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் கண்டக்டர் ஒருவர் தைக்கக் கொடுத்த சீருடையை வாங்க வந்தார். கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. கதவில் காதை வைத்தவருக்கு உள்ளே முனகல் கேட்டிருக்கிறது. அவர் போட்ட கூச்சலில் டீச்சர் சாவியோடு ஓடினார். தங்கை வீட்டிலிருந்து திரும்பியிருந்த நான் பின்னாலேயே ஓடினேன். தையல்காரம்மா குளியலறை ஈரத்தில் கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. உதடு நீலம். காலையில் எழுந்து ஒழுங்காகத் துண்டைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனவர். அப்போதே வழுக்கி விழுந்து, ரொம்ப நேரம் நினைவில்லாமல் கிடந்து, பிறகுதான் தட்டியிருக்கிறார். கையில் பிளாஸ்டிக் குவளை இருந்தது. அதன் விளிம்பு தட்டித் தட்டிப் பல்லுப் பல்லாக உடைந்திருந்தது. டீச்சர் அந்தக் குவளையைத்தான் பார்த்தார். அவர் கையிலிருந்த சாவி தரையில் விழுந்தது. அதை நான்தான் எடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன், போகாமல் இருப்பேனா. மறுநாள் அண்ணிக்கு நினைவு தெளிந்தது. டீச்சர் கட்டில் ஓரத்தில், உட்காரலாமா கூடாதா என்று தெரியாதவர் போல நின்றார். அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தட்டினேன். உனக்குக் கேட்டிருக்காது."

அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. பதிலையும் சேர்த்தே கொடுத்துவிட்டது போல இருந்தது.

"கேக்கல அண்ணி."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயில் 'அண்ணி' வந்தது. வந்த வார்த்தைக்குத் துணையாக ஒரு பொய்யும் வந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். படிக்கட்டில் பிள்ளைகள் சொன்னதைக் கேட்கும்வரை எனக்கும் அது பொய் என்று தெரியாது.

கட்டிடமே டீச்சருக்கு ஆறுதல் சொல்லியது. துண்டு தொங்கும்போது நீங்கள் என்ன செய்ய முடியும் என்றார் சைக்கிள் கடைக்காரர். துண்டுதான் தொங்கியதே என்றார் பால்காரர். எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் இதையே சொன்னார்கள். டீச்சர் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார். ஒவ்வொரு அசைவுக்கும் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்து போனது. துண்டு இல்லாவிட்டால் போய்ப் பார் என்றுதான் அண்ணன் சொல்லியிருந்தார். துண்டு இருந்தால் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் திருட்டு வேலையைக் கட்டிடம் முழுக்க அறியாமல் செய்தது, டீச்சர் ஒருத்தர் அறிந்தே ஒத்துக்கொண்டார். ஊர் கொடுக்கிற ஆறுதலை, அது தப்பு என்று தெரிந்து வாங்கிக்கொள்பவரின் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செருப்பைத் திருடிப் போட்டுக்கொண்டவரிடம் அது அளவாக இருக்கிறது என்று பாராட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். இடது கையை ஒரு நூல் மடித்து விட்டுக்கொள்வார். கோட்டு போட்டால் குற்றம் கழியும் என்று எந்தப் பாடத்தில் வருகிறதோ தெரியவில்லை. அண்ணி பார்த்தார், கண்ணைத் திருப்பிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை டியூஷனில் பழைய பாடத்தைக் கேட்டபோது ஒரு பெண் எழுந்து, நாய் குரைத்தால் பஸ் வந்தது என்று ஆகாது, ஏனென்றால் வேறு காரணம் இருக்கலாம் என்று மணி மணியாகச் சொன்னாள். சரி என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. தலைவலி என்று சொல்லி வகுப்பைக் கலைத்துவிட்டார்.

அண்ணன் லீவு போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து, நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கி, அன்றைக்கே தீர்ப்பையும் சொல்லிவிட்டார். மாடி வீட்டைக் காலி செய்வது. மனைவியை வேறு ஊரிலிருக்கும் தன் பெரியக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவது. பெரியக்கா வீட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை, சமைக்கத்தான் ஆள் இல்லை. கால் சரியானதும் அங்கே என்ன வேலை காத்திருக்கும் என்று அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே மிஷின் வைக்க இடம் கிடையாது. அதைத் துணிக்கடைக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். தெருவில் பாதிப் பேர் உடம்பில் அண்ணியின் தையல் இருக்கிறது. அந்த மிஷினும், அந்த ஜன்னலும், தன் பேரில் தன்னைத் தேடி வரும் வாடிக்கையும்தான் அந்த அம்மாளுக்கு வீடு. கப்பல்காரர் அதற்கெல்லாம் அப்புறம்தான்.

நான் போகமாட்டேன் என்று அண்ணி சொல்லிப் பார்த்தார். கால் சரியாகிவிடும் என்றார். அண்ணனிடம் தயாராக ஒரு வாதம் இருந்தது.

"துண்டு போட்ட, பிரயோஜனமில்ல. தட்டின, கீழ யாருக்கும் கேக்கல. அப்புறம் எதை நம்பி உன்னை இங்க விட்டுட்டுப் போறது?"

டீச்சர் அப்போது அங்கே டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நான் ஆப்பிளோடு போயிருந்தேன். டீ கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. அண்ணி தரையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார். டீச்சர் ஒரு துணி எடுத்துத் தட்டைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். அதற்குள் நான் பிள்ளைகளை மடக்கி விசாரித்து முடித்திருந்தேன். ஆகவே எனக்குத் தெரிந்துவிட்டது: அண்ணி வீட்டை இழக்கப் போவது அந்த 'கேக்கல' என்கிற ஒரு வார்த்தையால். அதை எடுத்தால் வாதம் மொத்தமும் சரிந்துவிடும். எடுக்க வேண்டியவர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அண்ணன் தங்கை நடுவே புகுந்துவிட்டு எதிர் வீட்டில் குடியிருப்பது சுலபமா, நீங்களே சொல்லுங்கள்.

மிஷினை இறக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். பழைய காலத்து மிஷின், இரும்புக் கால், பெரிய சக்கரம். எங்கள் படிக்கட்டு குறுகல். அண்ணன் மேல்படியில் நின்று, கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டு வருகிறவர் போல, இடது, வலது, மெதுவாக என்று உத்தரவு கொடுத்தார். அவருக்குப் பின்னால் வாசலில் நாற்காலியில் அண்ணி, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து, மிஷின் ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட வெளியே வந்தேன்.

மிஷின் டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தபோது கதவு திறந்தது. டீச்சர் அந்தக் கோட்டோடு வந்து வழியில் நின்றார்.

"இறக்க வேணாம் அண்ணா."

"வழியை விடு பாப்பா, கனமா இருக்கு."

"கேட்டுச்சு."

"என்னது?"

"அண்ணி தட்டினது. எனக்குக் கேட்டுச்சு."

ஆட்கள் மிஷினைப் பாதியில் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. டீச்சர் விளக்க ஆரம்பித்தார், பாவம், தெரிந்த வழியில்.

"பசங்க சத்தம் போட்டா அண்ணி தட்டுவாங்க. அன்னிக்குத் தட்டினாங்க, அதனால பசங்க சத்தத்துக்குத்தான்னு நினைச்சேன். அப்படி நினைக்கக் கூடாது. வேற காரணம் இருக்கலாம். அன்னிக்கு அதைத்தான் பாடம் நடத்திட்டு இருந்தேன். பலகையில அப்படியே இருந்துச்சு. பசங்க வாயை மூடின அப்புறமும் தட்டினாங்க. அப்பவாவது எனக்கு..."

"கணக்கு வேணாம். கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுச்சு. கோவத்துல போகல. ஆஸ்பத்திரியில கேக்கலன்னு பொய் சொன்னேன்." அவர் கோட்டின் இடது கை மணிக்கட்டைத் தாண்டி ஒரு நூல் இறங்கியிருந்தது, அன்று மடித்துவிட மறந்திருந்தார். "எதிர்வீட்டு அக்கா பால் பை தொங்குதுன்னு வந்து சொன்னாங்க. பசங்க முன்னாடி அவங்களைக் கேலி பண்ணி அனுப்பிட்டேன். துண்டு இல்லன்னா போய்ப் பாருன்னுதான் நீங்க சொன்னீங்க. துண்டு இருந்தா போக வேணாம்னு நானா சேத்துக்கிட்டேன். எனக்கு மாடி ஏறப் பிடிக்கல, அதான்."

சைக்கிள் கடைக்காரர் கீழே சுத்தியலோடு நிமிர்ந்து பார்த்தார். ஆட்களில் ஒருவர்தான், "மேலயா கீழயா, ஒண்ணு சொல்லுங்க. கை போகுது," என்றார்.

"தட்டினா கீழ நல்லா கேக்குது அண்ணா. இந்த வீட்ல ஒரு குறையும் இல்ல. கேட்டவதான் சரியில்ல. அதுக்காக அண்ணியை அனுப்பாதீங்க."

அண்ணன் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் முகத்தில் ஆச்சரியம் இருக்கும் என்று நானும் எட்டிப் பார்த்தேன். இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றார் அண்ணி. "நான் தட்டினதும் கீழ சத்தம் நின்னுச்சே. கேக்காமலா நின்னுச்சு?"

டீச்சர் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார்.

"சத்தம் நின்னதும், சரி, வராள்னு நினைச்சேன். காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தேன், படியில காலடி கேக்கும்னு. அமைதியா இருந்துச்சு. ரொம்ப அமைதியா இருந்துச்சு."

இதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஊசியில் நூல் கோர்க்கிறவர் போல நிதானமாகச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை வகுப்பை அடக்கிய ஒவ்வொரு உஷ்ஷும் மேலே ஈரத்தில் கிடந்தவருக்கு ஒரு பதிலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது: கேட்கிறது, வரமாட்டேன்.

அண்ணனுக்குக் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மனைவி மேலேயே வந்தது. "முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அவளைத் திட்டித் தீத்துடுவீங்க. அப்புறம் நான் திட்ட என்ன மிச்சம் இருக்கும்?" என்றார் அண்ணி. பிறகு ஆட்களைப் பார்த்து, "மேல கொண்டு வாங்க. சக்கரத்தைச் சுவத்துல இடிச்சுடாதீங்க," என்றார்.

ஆட்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் இறங்கி வந்து மிஷினின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்து, மேலே தள்ளினார். தங்கையைத் தாண்டிப் போகும்போது 'பாப்பா' என்றுகூடச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

லீவு முடிந்து அவர் கிளம்பிய அன்று பழையபடி பெட்டியோடு டீச்சர் வாசலில் நின்றார். துண்டு, சாவி என்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இப்போது தினமும் காலையில் பச்சைத் துண்டு தொங்குகிறது. டீச்சர் அதைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு மாடி ஏறுகிறார். என் வீட்டிலிருந்தே எல்லாம் கேட்கும், சிமென்ட் புண்ணியத்தில்.

"துண்டு போட்டிருக்கேனே, பாக்கலையா?"

"பாத்தேன் அண்ணி."

"அப்புறம் எதுக்கு வந்த?"

சில நாள் கதவு திறக்கும், சில நாள் திறக்காது. திறக்கவில்லை என்றால் கோபம் தீரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். எழுந்து வர நேரமாகலாம், வாயில் ஊசி இருக்கலாம். திறந்தாலும் மன்னித்துவிட்டார் என்று ஆகாது. டீச்சர் வாசலிலேயே நிற்பார். உள்ளே மிஷின் ஓடத் தொடங்கிய பிறகுதான் இறங்குவார்.

சனிக்கிழமைகளில்தான் வேடிக்கை. பிள்ளைகள் சத்தம் போட்டால் மேலே மரக்கோல் டொக் டொக்கென்று தட்டும். டீச்சர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவார். கதவு திறக்கும். "பசங்க சத்தம். வேற ஒண்ணுமில்ல. போ," என்பார் அண்ணி. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வருவார். அடுத்த டொக்குக்கும் ஓடுவார்.

அந்தப் பிள்ளைகள் பாடத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறார்கள். சத்தம் போட்டால் மேலே தட்டுவார்கள். மேலே தட்டினால் டீச்சர் போய்விடுவார். ஆகவே டீச்சர் பரீட்சைத் தாளைக் கையில் எடுத்தாலே வகுப்பில் ஒருவன் மேஜையைத் தட்ட ஆரம்பிக்கிறான். டீச்சருக்கு இது தெரியாமல் இருக்குமா? படியேறும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் தெரிந்த முகம். தெரிந்தேதான் ஏறுகிறார்.